சிங்கப்பூரில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு எந்த லீவு போடுவது? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்த முதல் வருடம் எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சிறுநீரகவியல் மருத்துவர் என்று நான்கு மாதத்தில் ஆறு முறை மருத்துவமனைக்கு ஏறி இறங்கினேன். எல்லாம் மருத்துவ விடுப்பில்தான் போகிறது என்று நம்பி இருந்தேன். தங்கையின் வளைகாப்புக்கு ஊருக்குப் போக வருடாந்திர விடுப்பு கேட்டபோதுதான் ஏழு நாளில் மூன்று நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது தெரிந்தது. மூன்று அப்பாயின்ட்மென்ட்டுக்கும் நான் கொடுத்த காகிதம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) இல்லை. அதற்கு அலுவலகம் வருடாந்திர விடுப்பைக் கழித்திருந்தது. சட்டப்படி அது தவறும் இல்லை. வளைகாப்பை வீடியோ காலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஹெச்ஆரிடமும், மருத்துவமனைக் கவுன்ட்டரிலும், மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலும் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு. 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்கள் உட்பட அனேகமாக எல்லா ஊழியர்களும் வேலை நியமனச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஒர்க் பர்மிட், எஸ் பாஸ், இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) என்ற வேலை அனுமதி பேதம் அதில் இல்லை. அரசு ஊழியர், கடலோடிகள், வீட்டுப் பணிப்பெண்கள் ஆகியோருக்கு விதிகள் வேறு.

1. முதலில் உங்கள் வேலை விதிமுறைத் தாளை எடுத்துப் படியுங்கள்

வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை நிறுவனம் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அதில் எத்தனை நாள் என்ன விடுப்பு, வேறு என்ன மருத்துவச் சலுகை என்பதெல்லாம் இருக்கும். பெரும்பாலானவர்கள் சம்பள வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன்.

நீங்கள் தேட வேண்டியவை இவை. மருத்துவ விடுப்பு எத்தனை நாள்? சட்டம் சொல்வதற்குக் குறைவாக இருந்தால் அந்த வரி செல்லாது, அதிகமாக இருந்தால் உங்களுக்கு லாபம். எம்சி இல்லாமல் போகும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு "டைம் ஆஃப்" (வேலை நேரத்தில் சில மணி நேரம் வெளியே போய்வர அனுமதி) தருகிறார்களா? நிறுவனத்துக்கென்று பேனல் கிளினிக் (நிறுவனம் நியமித்த கிளினிக்) இருக்கிறதா? வருகை ஊக்கத்தொகை தருகிறார்கள் என்றால், எம்சி போட்ட மாதம் அது என்ன ஆகும்? கடைசிக் கேள்வியை மறக்காமல் பாருங்கள். விடுப்புக்குச் சம்பளம் வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஊக்கத்தொகை போனது அடுத்த மாதம்தான் தெரியவரும்.

தாள் கையில் இல்லையென்றால் ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்க வேண்டாம்.

2. உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் முடியும்வரை சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பும் இல்லை, வருடாந்திர விடுப்பும் இல்லை, நிறுவனமாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்த மூன்று மாதத்துக்குள் உடம்புக்கு முடியாமல் போனாலும் எம்சி வாங்குங்கள். சம்பளம் வராவிட்டாலும், சொல்லாமல் வேலைக்கு மட்டம் போடவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

மூன்று மாதம் முடிந்ததும் வெளிநோயாளி மருத்துவ விடுப்பு 5 நாள், மருத்துவமனை விடுப்பு 15 நாள். நான்கு மாதத்தில் 8, 30. ஐந்து மாதத்தில் 11, 45. ஆறு மாதம் ஆனால் முழு உரிமை: வெளிநோயாளியாக 14 நாள், மருத்துவமனை விடுப்பு 60 நாள்.

அந்த 60 நாளுக்குள்தான் 14 நாளும் அடக்கம். 14-ஐயும் 60-ஐயும் கூட்டி 74 என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். 14 நாள் எம்சி போட்டு முடித்துவிட்டால் மருத்துவமனை விடுப்பில் மிச்சம் 46 நாள்தான். பயன்படுத்தாத மருத்துவ விடுப்பு அடுத்த வருடத்துக்குப் போகாது, காசாகவும் மாறாது.

வருடாந்திர விடுப்பு முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒரு நாள் கூடி எட்டாம் வருடத்திலிருந்து 14. முதல் வருடத்தில் முடித்த மாதங்களுக்கு ஏற்பத்தான் கிடைக்கும். ஐந்து மாதம் முடித்திருந்தால் 7-ஐ 12-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள்: 2.92. அரை நாளும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு நாளாகக் கூட்ட வேண்டும், ஆக 3 நாள். இந்தச் சிறிய கையிருப்பிலிருந்துதான் உங்கள் அப்பாயின்ட்மென்ட்டுகள் போகப்போகின்றன என்பதால் அடுத்த படியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

3. டைம் சிட் வேறு, எம்சி வேறு

எனக்கு விடுப்பு போனது இந்த இடத்தில்தான்.

மருத்துவமனையில் வேலை முடிந்ததும் கவுன்ட்டரில் ஒரு தாள் கொடுப்பார்கள். முதல் ஸ்கேனுக்குப் போனபோது எனக்குக் கிடைத்தது அரைப் பக்கத் தாள். மேலே மருத்துவமனை முத்திரை, என் பெயர், பாஸ் எண், வந்த நேரம் 8.52, முடிந்த நேரம் 12.15. அடியில் பொடி எழுத்தில், இது மருத்துவ விடுப்புச் சான்று அல்ல என்று ஒரு வரி. மேலே இருந்த முத்திரையைப் பார்த்தேன், அடியில் இருந்த வரியைப் பார்க்கவில்லை. அதைப் படம் எடுத்து ஹெச்ஆருக்கு அனுப்பிவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

இதுதான் டைம் சிட். இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை இவர் எங்களிடம் இருந்தார் என்று மட்டும்தான் அது சொல்லும். உங்களால் வேலை பார்க்க முடியாது என்று அது சொல்வதில்லை. சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்குச் சட்டம் கேட்பது, வேலை பார்க்கும் நிலையில் நீங்கள் இல்லை என்று மருத்துவர் சான்று அளிக்க வேண்டும் என்பதை. அதுதான் எம்சி. ஆகவே ரத்தம் எடுக்க, ரிப்போர்ட் வாங்க, மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும் நாட்களுக்கு நிறுவனம் மருத்துவ விடுப்புக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சில நிறுவனங்கள் இரண்டு மூன்று மணி நேரம் டைம் ஆஃப் கொடுக்கும். சில அரை நாள் வருடாந்திர விடுப்பைக் கழிக்கும். என் நிறுவனத்தில் அரை நாள் விடுப்பு என்பதே கிடையாது, முழு நாள் கழித்தார்கள்.

ஆகவே மருத்துவர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் நீங்கள் செய்யும் வேலையை அவரிடம் சொல்லுங்கள். "எனக்கு எம்சி வேண்டும்" என்று தொடங்காதீர்கள். உங்கள் வேலை என்ன, இன்று செய்யப்போகும் சிகிச்சைக்குப் பிறகு அதைச் செய்யலாமா என்று கேளுங்கள். நான்காவது முறை போனபோது நான் அப்படித்தான் கேட்டேன். சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்திருந்தார்கள். "டாக்டர், மத்தியானம் நான் மொட்டை மாடியில் ஏசி கூலிங் டவர் பார்க்க ஏணியில் ஏற வேண்டும், ஏறலாமா?" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்றைக்கு ஏணி வேண்டாம்" என்று சொல்லி ஒரு நாள் எம்சி எழுதினார். அதற்கு முந்தைய மூன்று முறையும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

எம்சி கொடுப்பதும் கொடுக்காததும் மருத்துவரின் முடிவு. வேலை செய்யலாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். சிலர் "லைட் டியூட்டி" என்று எழுதிக் கொடுப்பார்கள். அதுவும் விடுப்பு இல்லை, பளு தூக்காத வேலை கொடுங்கள் என்ற பரிந்துரை.

பிசியோதெரபி போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் மருத்துவர் அல்ல, அங்கே டைம் சிட்தான் கிடைக்கும். பல் மருத்துவர் தரும் எம்சி செல்லும். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. சித்தா, ஆயுர்வேதம், சீன மருத்துவம் பார்ப்பவர்கள் தரும் சான்றை ஏற்றுக்கொள்ள நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை.

தாளில் தேதியைத் திருத்துவது, இணையத்தில் போலி எம்சி செய்து வாங்குவது பக்கமே போகாதீர்கள். இங்கே அது ஆவண மோசடி. அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

4. அப்பாயின்ட்மென்ட் நேரத்தைக் கவனமாகக் குறியுங்கள்

டைம் சிட்தான் கிடைக்கப்போகிறது என்று முன்பே தெரிந்தால் நேரத்தை மாற்றப் பாருங்கள். அரசு மருத்துவமனை, பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட்டுகளை ஹெல்த்ஹப் செயலியிலேயே பார்க்கலாம், மாற்றலாம். காலையில் முதல் நேரம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் போகப் போகத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும், 11 மணி அப்பாயின்ட்மென்ட் ஒரு மணிக்குத்தான் முடியும். ரத்தப் பரிசோதனையும் மருத்துவரைப் பார்ப்பதும் தனித்தனி நாளில் போட்டிருந்தால், ஒரே நாளில் செய்ய முடியுமா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். எனக்கு இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார்கள். ஷிஃப்ட் வேலை என்றால் உங்கள் ஓய்வு நாளில் போடச் சொல்லுங்கள்.

வருடாந்திர விடுப்புதான் வழி என்றால் அப்பாயின்ட்மென்ட் குறுஞ்செய்தி வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். மேலதிகாரி வேலைப்பளுவைக் காட்டி அந்தத் தேதியை மறுக்கலாம். இரண்டு வாரம் முன்னால் தெரிந்தால் தேதியை மாற்ற உங்களுக்கும் அவகாசம் இருக்கும்.

வாரா வாரம் போக வேண்டிய சிகிச்சை என்றால் விடுப்பில் சமாளிக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிகளின்படி, தகுதிகாண் காலம் முடிந்த ஊழியர் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் வேலை சார்ந்த காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் "செவ்வாய்க்கிழமை மட்டும் 11 மணிக்கு வந்து 8 மணிக்குப் போகிறேன், மூன்று மாதத்துக்கு" என்று தெளிவாகக் கேட்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். என் தள மேற்பார்வையாளர் முதுகு வலிக்கு இப்படித்தான் எட்டு வாரம் பிசியோதெரபி போய்வந்தார்.

5. திடீரென்று முடியாமல் போனால் 48 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்

எம்சி கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை, தெரிவிக்க முயற்சியும் செய்யவில்லை என்றால், எம்சி இருந்தாலும் அனுமதி இல்லாமல் வராதவராகத்தான் கணக்கு. காரணமும் சொல்லாமல் தகவலும் கொடுக்காமல் இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராமல் இருந்தால், ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாக நிறுவனம் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

48 மணி நேரம் என்பது சட்டத்தின் கடைசி எல்லை. பல நிறுவனங்கள் வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சொல்லச் சொல்லும். காலையிலேயே ஒரு வாட்ஸ்ஆப், பிறகு எம்சி வந்ததும் இன்னொன்று. மேலதிகாரிக்கு மட்டும் சொல்லாமல் ஹெச்ஆருக்கும் அனுப்புங்கள், இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். நான் அனுப்புவது இந்த மாதிரி:

"வணக்கம் சார். இன்று காலை முதல் காய்ச்சல், வாந்தி. 9 மணிக்குக் கிளினிக் போகிறேன். இன்று வேலைக்கு வர இயலாது. எம்சி கிடைத்ததும் அனுப்புகிறேன். இன்றைய தளச் சோதனைப் பட்டியல் மேசையில் நீலக் கோப்பில் இருக்கிறது."

எந்த மொழியில் அனுப்பினாலும் இதில் உள்ளவை இருக்கட்டும். கூப்பிட்டுச் சொன்னாலும் பின்னாலேயே எழுத்தில் ஒன்று அனுப்பிவிடுங்கள். அனுப்பியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கைபேசி தொலைந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு நகல் போட்டுக்கொள்ளுங்கள்.

6. எந்த மருத்துவரிடம் போவது, யார் காசு கொடுப்பது

"பேனல் கிளினிக் எம்சி மட்டும்தான் செல்லும்" என்று இன்னும் சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். விடுப்பைப் பொறுத்தவரை அது சரியில்லை. சிங்கப்பூரில் பதிவு பெற்ற எந்த மருத்துவரோ பல் மருத்துவரோ கொடுத்த எம்சியாக இருந்தாலும் நிறுவனம் ஏற்றுச் சம்பளத்துடன் விடுப்புத் தர வேண்டும்.

காசு விஷயம் வேறு. மருத்துவரைப் பார்த்த கட்டணத்தை நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது மூன்றும் சேர்ந்து வந்தால்தான்: நீங்கள் மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், குறைந்தது ஒரு நாள் எம்சி கிடைத்திருக்க வேண்டும், பார்த்த மருத்துவர் நிறுவனம் நியமித்தவராகவோ அரசு மருத்துவ நிலையத்தைச் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும். அதுவும் ஆலோசனைக் கட்டணம் மட்டும். மருந்து, ஸ்கேன் செலவெல்லாம் உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வீட்டுக்குக் கீழே உள்ள தனியார் கிளினிக் வசதிதான், ஆனால் அது பேனலில் இல்லையென்றால் காசு உங்கள் பையிலிருந்துதான். எனக்கு ஒரு முறை மருந்தோடு சேர்த்து 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது, ஒரு காசு திரும்பி வரவில்லை.

ஒர்க் பர்மிட்டில் இருப்பவர்களின் மருத்துவச் செலவை ஏற்பது முதலாளியின் பொறுப்பு, அது பர்மிட் நிபந்தனையிலேயே இருக்கிறது. ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் இரண்டுக்கும் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் (2023 ஜூலை 1 முதல்). அந்தக் காப்புறுதி படுக்கையில் சேர்வதற்கும் டே சர்ஜரிக்கும் (அன்றே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சை) தான். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வெளிநோயாளியாகப் போவதற்கு அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள அரசு மானியம் நமக்கு இல்லை என்பதால் அரசு மருத்துவமனைக் கட்டணமும் முழுதாக இருக்கும். போவதற்கு முன் தொலைபேசியில் தொகையைக் கேட்டுவிடுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

சளி காய்ச்சலுக்கு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடாதீர்கள், நுழைந்தாலே நூறு வெள்ளிக்கு மேல். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், விபத்து என்றால் காசைப் பார்க்காமல் 995-ஐக் கூப்பிடுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டிய தாள்கள்: எம்சி, கட்டண ரசீது (ஆலோசனைக் கட்டணம் தனி வரியில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்), பரிந்துரைக் கடிதம், அப்பாயின்ட்மென்ட் குறுஞ்செய்தி. எம்சி இப்போதெல்லாம் குறுஞ்செய்தியில் இணைப்பாக வருகிறது. வந்ததும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள், பிறகு தேடினால் அந்த இணைப்பு திறக்காமல் போகலாம்.

7. டே சர்ஜரி என்றால் எம்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

கல்லை எடுத்தது டே சர்ஜரியில். காலையில் போய் மாலையில் வந்துவிட்டேன், ஏழு நாள் ஓய்வு எழுதியிருந்தார்கள். ஒரு இரவு கூடத் தங்கவில்லையே என்று ஹெச்ஆர் அதை வெளிநோயாளி விடுப்பில் பதிந்துவிட்டது. பதினான்கில் ஏழு காலி.

மருத்துவமனை விடுப்புக்கு இரவு தங்கியாக வேண்டும் என்பதில்லை. டே சர்ஜரியும் அதில் சேரும், சிகிச்சைக்குப் பின் மருத்துவமனை மருத்துவர் எழுதும் ஓய்வும் சேரும். எம்சியில் விடுப்பின் வகை எழுதும் இடம் இருக்கும். அதில் மருத்துவமனை விடுப்பு என்று குறித்திருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் கவுன்ட்டரிலேயே பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே திருத்தி வாங்குவது சுலபம். பிறகு போனால் இன்னொரு நாள் போகும். எனக்கு எம்சியில் சரியாகத்தான் இருந்தது, பதிவில்தான் தவறு. வட்டம் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்றாம் நாள் மாற்றிவிட்டார்கள்.

8. சனி, ஞாயிறு, விடுமுறை நாள் கணக்கு

வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு வெள்ளி முதல் ஞாயிறு வரை எம்சி என்றால் கழிய வேண்டியது ஒரு நாள்தான். ஓய்வு நாள், வேலை இல்லாத நாள், பொது விடுமுறை ஆகியவற்றுக்கு மருத்துவ விடுப்பு கணக்காகாது. விடுப்புச் செயலியில் தேதியைப் போட்டதும் அது மூன்று நாள் என்று காட்டினால் ஹெச்ஆரிடம் சொல்லுங்கள்.

9. ஊருக்குப் போன இடத்தில் உடம்பு முடியாமல் போனால்

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில். வருடாந்திர விடுப்பில் இருக்கும்போது உடம்புக்கு முடியவில்லை என்றால், அந்த நாட்களை மருத்துவ விடுப்பாக மாற்றும் உரிமை சட்டத்தில் இல்லை. விடுப்பு முடிந்தும் திரும்ப முடியாமல் போனால் சிக்கல் இன்னும் பெரிது. ஏனென்றால் சட்டம் ஏற்பது சிங்கப்பூரில் பதிவு பெற்ற மருத்துவரின் சான்றை. திருச்சியிலோ மதுரையிலோ பெரிய மருத்துவமனையே கொடுத்தாலும், அதற்குச் சம்பளம் தருவது நிறுவனத்தின் விருப்பம். நண்பர் ஒருவருக்கு ஊரில் டெங்கு வந்து ஆறு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியதானது. ஆறு நாளும் சம்பளம் இல்லா விடுப்பு.

அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. திரும்ப வேண்டிய தேதிக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். மருத்துவமனையில் சேர்த்த தாள், டிஸ்சார்ஜ் சம்மரி, பயணச்சீட்டை மாற்றிய ரசீது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாங்கி இணையுங்கள். சம்பளம் வராவிட்டாலும் வேலை தப்பும். நண்பருக்குத் தப்பியது.

10. பிள்ளைக்கும் பெற்றோருக்கும்

உங்கள் எம்சி உங்கள் உடம்புக்கு மட்டும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்து, நீங்கள் மூன்று மாதம் வேலை பார்த்திருந்தால், பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெறாதவராக இருந்தாலும் வருடத்துக்கு 2 நாள் சம்பளத்துடன் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தடுப்பூசிக்கு, காய்ச்சலுக்கு அதை எடுங்கள். மனைவியையோ, பார்க்க வந்த அம்மாவையோ மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதற்குச் சட்டப்படி தனி விடுப்பு இல்லை. ஒப்பந்தத்தில் குடும்பப் பராமரிப்பு விடுப்பு என்று ஏதாவது இருந்தால்தான், இல்லையென்றால் வருடாந்திர விடுப்பு.

11. மாதா மாதம் சம்பளச் சீட்டைச் சரிபாருங்கள், காலம் தாழ்த்தாதீர்கள்

நான் நான்கு மாதம் பார்க்காமல் விட்டதால்தான் மூன்று நாள் போனது தெரியவில்லை. சம்பளச் சீட்டையும் விடுப்புக் கையிருப்பையும் ஒவ்வொரு மாதமும் உங்கள் எம்சிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவ விடுப்புக்கு ஷிஃப்ட்டுக்கான கூடுதல் தொகை நீங்கலாக மொத்தச் சம்பள விகிதத்தில் தர வேண்டும். சம்பளம் இல்லா விடுப்பாகக் கழித்திருந்தால் தொகை சரியா என்று போட்டுப் பாருங்கள்: மாதம் 3,300 வெள்ளி, அந்த மாதத்தில் 22 வேலை நாள் என்றால் ஒரு நாளுக்கு 150 வெள்ளி.

தவறு தெரிந்தால் முதலில் ஹெச்ஆருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல். தேதி, எம்சி எண், கழித்த நாள், சரியான கணக்கு. ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலும் அது பதிவில் நேர்ந்த பிழை.

எம்சி சரியாகக் கொடுத்தும் சம்பளம் தர மறுத்தால், முத்தரப்புத் தகராறு நிர்வாகக் கூட்டணியில், டாடம் என்பார்கள், சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான கணக்கு) கொண்டு இணையத்தில் புகார் பதியலாம். வேலையில் இருக்கும்போது பிரச்சினை நடந்த ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம்தான். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதில் தீராவிட்டால் வேலைவாய்ப்பு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது, நாமே பேசலாம். ஒர்க் பர்மிட்டில் இருப்பவர்கள் எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்: 6536 2692.

சமரசப் பேச்சுக்குப் போகும்போது வேலை நிபந்தனைத் தாள், அந்த மாதச் சம்பளச் சீட்டு, எம்சி, நீங்கள் தகவல் சொன்ன வாட்ஸ்ஆப் ஸ்க்ரீன்ஷாட், ஹெச்ஆருக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய ஐந்தையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி எடுத்துப்போங்கள்.